பத்தலப்பள்ளிக்கு மேலே, மே மாதம்

வாரத்தில் ஆறு நாள் நான் தைப்பது
குளிர்நாட்டுக்காரன் பைக்கில் போட்டுக்கொள்ளும் தோல் கோட்டு.
உள்ளே கம்பளி, கழுத்துக்கு இரட்டை மடிப்பு,
பனி புகாதபடி ஜிப்புக்குப் பின்னால் ஒரு நாக்கு.
பேரணாம்பட்டில் பனி என்றால்
ஐஸ்காரன் பெட்டியைத் திறக்கும்போது வரும் புகை.

ஏழாம் நாள் வண்டி எடுப்போம்,
தஸ்தகீர், முனிரத்தினம், நான்.
உடுப்பு: சாயம்போன முழுக்கை பனியன்,
வாளியில் முக்கி, பிழியாமல்,
சொட்டச் சொட்ட.
அதன்மேல் வலைச் சட்டை.
டீக்கடையில் கேட்பார்கள்,
"ஏம்பா, துவட்ட நேரமில்லையா?"

முதல் பத்து நிமிஷம் சொர்க்கம்.
நின்றபடி ஓட்டினால் அக்குளில் காற்று நுழைந்து
முதுகு வழியே வெளியேறும்.
கசியும் மண்பானை அப்போது நான்தான்.
பதினோராவது நிமிஷம் துணி காய்ந்துவிடும்.
பிறகு வீசுவது தோல் பதனிடும் காற்று.
உடனே ஜிப்பை ஏற்றி மூட வேண்டும்.
திறந்தால் குளிரும் என்று நினைப்பவன்
அனலை வீட்டுக்குள் கூப்பிடுகிறான்.
போன வருஷம் குவாரி மேட்டில்
கண் இருட்டி விழுந்தபோது தெரிந்துகொண்டேன்.

இந்த ஞாயிறு
செக்போஸ்ட் தாண்டி இடதில் பிரியும் வண்டித்தடம்.
சிவப்பு மண், சலித்த மாவுபோல்.
முன்சக்கரம் சொன்ன பேச்சு கேட்கவில்லை.
முதல் கியர், இரண்டு, மறுபடி முதல்.
வேகமில்லாத இடத்தில் காற்றுமில்லை.
எஞ்சின் சூடு தொடையில் ஏறியது.
மூன்றில் தஸ்தகீர் வண்டிக்கு மட்டும் ரேடியேட்டர்.
புதுசு. பதினெட்டு தவணை பாக்கி.
உண்ணிச்செடி மேட்டில் அதன் விளக்கு சிவந்தது,
விசிறி கத்தியது,
மூடியோரம் பச்சைத் தண்ணீர் கொதித்து வழிந்தது.
இறங்கிப் பக்கத்தில் குந்தினான்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பவன்போல.

முனிரத்தினம்தான் கவனித்தான்:
"இவன் நெத்தியப் பாரு. வேர்க்கலே."

நாங்கள் இருவரும் உப்புப் பூத்து நனைந்திருந்தோம்.
அவன் முகம் மட்டும் சூளைச் செங்கல்.
எந்த ஊருடா நீ என்று கேட்டேன்.
தவணைத் தொகையைச் சொன்னான்.

இருந்தது ஒன்றரை லிட்டர்.
"வண்டிக்கு ஊத்து," என்றான்.
கெஞ்சினான். பிறகு
கெட்ட வார்த்தையில் கெஞ்சினான்.
கழுத்தில் ஊற்றினோம்.
அக்குளில், தொடை இடுக்கில்.
பூட்ஸைப் பிடுங்கிப் பாதத்தில்.
கழற்றிய சட்டையால் விசிறு விசிறு என்று விசிறினோம்.
ஒவ்வொரு சொட்டுக்கும் அவன்
வண்டியைப் பார்த்தான்.

பாட்டில் காலி.
என் வண்டியில், எங்கள் இருவருக்கும் நடுவில்
அவனைச் செருகிக்கொண்டு மேட்டின் அந்தப் பக்கம் இறங்கினால்
தக்காளித் தோட்டம்.
கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.
"நீள்ளா?" என்றாள்.
மூவரில் யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.
போருக்கு இரண்டு மணிக்குத்தான் கரண்ட்.
தக்காளி கழுவும் தொட்டியைக் காட்டினாள்.
பனியனோடு, பேண்ட்டோடு அதில் உட்காரவைத்தோம்.
அழுகலில் ஒன்றிரண்டு
அவன் மார்பைச் சுற்றி மிதந்தன.
மேலே வேப்பமரம், ஒரு இலை அசையவில்லை.
நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இருபது நிமிஷம். இருபத்தைந்து.
பல் தந்தியடித்தது அவனுக்கு.
அப்படி ஒரு நல்ல சத்தத்தை
நான் கேட்டதேயில்லை.
ஊர் பெயரைச் சரியாகச் சொன்னான்.
அவள் கேழ்வரகுக் கூழைக் கரைத்து
உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள்,
தொட்டித் தண்ணீர் வீணானதற்குத்
தெலுங்கில் திட்டியபடி.

ஆஸ்பத்திரியில் அவனை விட்டுவிட்டு
சாயங்காலம் போய்ப் பார்த்தோம்.
மேட்டில் யாருமில்லாமல் நின்ற வண்டி
தானாகவே ஆறியிருந்தது.

திங்கட்கிழமை. மறுபடி கம்பளி.
கழுத்து மடிப்பில் மெஷினை ஓட்டும்போது
விரல் ஒரு நொடி நின்றது.
தண்ணீரை முதலில் ஊற்றிய இடம்.
பக்கத்து மெஷின் காலி, தஸ்தகீர் லீவு.
ஐந்தாம் தேதி தவணை.